காசை வைத்துக்கொண்டு உறையை எறியாதீர்கள்

டர்பனில் பழங்காசு சேர்க்க வருகிற நம்மவர்களில் பலர் க்ரூகர் காசுகளிலிருந்துதான், அதாவது ஜனாதிபதி க்ரூகர் தலை பதித்த பழைய தென்னாப்பிரிக்கக் காசுகளிலிருந்துதான், தொடங்குகிறார்கள். தாத்தா பெட்டியில் விட்டுப்போன ஷில்லிங்கில் ஆசை பிறந்து, நாளாக ஆக இந்தியாவின் பழைய வெள்ளிக்கு வந்து சேர்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. விபூதி போட்டுத் தேய்க்காதே, புளி போட்டுத் துலக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

க்ரூகர் காசைப் பார்க்கும் கண்ணோடு பார்ப்பது

1892-ஆம் ஆண்டு ஐந்து ஷில்லிங் க்ரூகர் காசில் வண்டிச் சின்னத்துக்கு ஏர்க்கால் ஒன்றா இரண்டா என்று பார்த்துப் பழகிய கண், வட்டத்தையும் பளபளப்பையும் ஆண்டையும் தேடும். இந்தியாவின் மிகப் பழைய வெள்ளியான முத்திரை குத்திய காசில் ஆண்டும் கிடையாது, சரியான வட்டமும் கிடையாது. வெள்ளித் தகட்டைத் துண்டு போட்டு, எடை கூடினால் மூலையை வெட்டி, பிறகு ஒவ்வொரு முத்திரையாகக் குத்தினார்கள். மூலை வெட்டுப்பட்டிருப்பது சேதம் இல்லை. செய்தவரே எடையைச் சரிக்கட்டியது அது. கணக்குப்படி 32 குன்றிமணி எடை, அதாவது சுமார் 3.4 கிராம். ஆகவே அழகைப் பார்க்கும் முன் தராசில் வையுங்கள்.

எல்லாவற்றையும் மௌரியர் காசு என்பது

விற்பவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். மௌரியருக்கு முன்பே வட்டார அரசுகளும் மகதமும் இப்படிக் காசு போட்டிருக்கின்றன. மகத வரிசையில் முன்பக்கம் ஐந்து முத்திரைகள் இருக்கும். சூரியனும் ஆறு கைச் சின்னமும் அநேகமாக எல்லாக் காசிலும் வரும் என்பதால் அவை இரண்டை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மீதி மூன்றையும் படித்தால்தான் வகை தெரியும். அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பவை பெரும்பாலும் முந்தியவை, சிறுத்துத் தடித்தவை பிந்தியவை. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: போடிநாயக்கனூர்ப் புதையலைப் பாண்டியர் காசு என்று அறிஞர்கள் சொன்னதே பின்புற மீன் சின்னத்தை வைத்துத்தான்.

பழைய உறையைக் குப்பையில் போடுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல். வெருலம் பக்கம் ஒரு பெரியவர் பல வருடங்களாகச் சேர்த்த காசுகளை, அவர் காலமான பிறகு பிள்ளைகள் ஓர் இளைஞருக்கு விற்றார்கள். ஆர்வமுள்ள பையன், பேராசைக்காரன் இல்லை. புது ஆல்பம் வாங்கி, காசுகளை அழகாக அடுக்கி, எது எந்த அரசர் காசு என்று கேட்டு என்னிடம் கொண்டுவந்தான். பெரியவர் ஒவ்வொரு காசையும் சின்னக் காகித உறையில் போட்டு, எடை, எங்கே கிடைத்தது, யாரிடம் எப்போது வாங்கியது என்று பென்சிலில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர் என்பது எனக்குத் தெரியும். "தம்பி, அந்த உறைகள் எங்கே?" என்று கேட்டேன். "ஒரே தூசி அங்கிள், கறுப்புப் பையில் கட்டிப் போட்டுவிட்டேன்" என்றான். குப்பை வண்டி அதை எப்போதோ அள்ளிக்கொண்டு போய்விட்டது.

என்ன போயிற்று என்பது பலருக்குப் புரிவதில்லை. காசு தனியாக இருந்தால் அதிகம் பேசாது. எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று தெரிந்தால்தான் பேசும். தட்சசீலத்தின் பீர் மேட்டில் 1924-ல் கிடைத்த புதையலில் முத்திரை காசுகளோடு அலெக்சாந்தர் காசும் இருந்தது. அதனால்தான் ஆண்டே இல்லாத அந்தக் காசுகளின் காலத்தை ஓரளவாவது கணிக்க முடிந்தது. கணித அறிஞர் டி. டி. கோசாம்பி புதையல் புதையலாகக் காசுகளை எடை போட்டு, புழக்கத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு எந்த வகை முந்தியது என்று ஆராய்ந்தார். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலந்திருந்தால் அவர் எதை வைத்து ஆராய்ந்திருப்பார்?

பணக் கணக்கிலும் இது பெரிய நஷ்டம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே ஒரு காசு நெடுங்காலமாகவே வெளியில் இருந்தது என்று காட்ட, தேதி போட்ட பழைய உறையும் ரசீதும்தான் கையில் உள்ள சாட்சி. நேர்மையான வியாபாரி அதைக் கேட்பார். இல்லையென்றால் விலையைக் குறைப்பார், அல்லது தொடவே மாட்டார்.

உறை கிழிந்திருந்தாலும், பூச்சி அரித்திருந்தாலும், எழுதியது தப்பாகவே இருந்தாலும் வைத்திருங்கள். காசோடு சேர்த்து அதையும் போட்டோ எடுத்துவிடுங்கள். புது உறை வாங்கினால் மென்மையான பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம், நாளடைவில் அது பச்சைப் பிசுக்கு விடும்.

அப்பா பெயரைப் படித்துவிட்டு நிறுத்துவது

மேற்கு க்ஷத்ரபர், அதாவது மேற்கு இந்தியாவை ஆண்ட சக அரசர்கள், போட்ட வெள்ளிக்காசு இரண்டு கிராம்தான் இருக்கும். பின்பக்கம் மலைச் சின்னத்தைச் சுற்றி, இன்னாருடைய மகன் இன்னார் என்று பிராமியில் எழுதியிருக்கும். எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடும். ருத்ரதாமன் என்று படித்தவுடன் அவன் காசு என்று சந்தோஷப்பட்டுக் கூடுதலாகப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவன் மகன் முதலாம் ருத்ரசிம்மன் காசிலும் அதே பெயர் இருக்கும், அப்பா பெயராக. முன்பக்கம் தலைக்குப் பின்னால் ஆண்டு எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ருத்ரதாமன் காசு இல்லை. அவன் காலத்தில் ஆண்டு போடும் வழக்கம் வரவில்லை. காசில் உள்ள அந்த எண் சக ஆண்டு, 78 கூட்டினால் கி.பி. வரும்.

இரட்டை அச்சை ஒதுக்குவது

ஒதுக்காதீர்கள். நாசிக் அருகே ஜோகல்தம்பியில் 1906-ல் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் க்ஷத்ரப அரசன் நகபானன் காசுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றின்மீது சாதவாகன அரசன் கௌதமிபுத்ர சாதகர்ணி தன் அச்சைக் குத்தியிருந்தான். தோற்றவன் காசில் வென்றவன் முத்திரை. ஒரு போரின் முடிவே அதில் இருக்கிறது.

வளைந்த காசை நிமிர்த்துவது

வேண்டாம். பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொய்ந்து போயிருக்கும், இரண்டாக உடையும்.

யாத்திரை போன இடத்தில் வாங்குவது

மதுரை, கும்பகோணம் என்று கோயில் பார்க்கப் போகிற நம்மவர்கள் வாசலில் "சேரர் காசு சார்" என்று நீட்டுவதை வாங்கிவிடுகிறார்கள். போலி என்றால் பணம் போயிற்று. அசல் என்றால் அதைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறுவது சட்டப்படி குற்றம். இரண்டில் எதுவும் நமக்கு வேண்டாம். மாக்கோதை என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசு எப்படி இருக்கும் என்று நல்ல படங்களில் பார்த்துப் பழகுங்கள். நேரம் கிடைத்தால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் அசல் காசுகளைக் கண்ணால் பாருங்கள். வாங்குவதை இங்கே, பழைய சேகரிப்பிலிருந்து, காகிதத்தோடு வாங்குங்கள்.