நிலாவெளி வெக்கையில் திமோராசோ பரிமாறும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையில், நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் 18 வருடங்களாகப் பரிமாறும் வேலை செய்கிறேன். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்கள்தான் எங்கள் சுற்றுலாப் பருவம். இத்தாலியின் திமோராசோ, கிரேக்கத்தின் மலகூசியா போன்ற, அழியும் நிலைக்குப் போய் மீட்கப்பட்ட திராட்சை இனங்களின் வைனை விரும்பிக் கேட்கும் விருந்தினர்களும் அப்போதுதான் வருகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து போத்தல்களை இரவில் மட்டுமே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருமுறை நண்பகலில் வான் வண்டியில் வந்த பெட்டியைத் திறந்தேன். இரண்டு போத்தல்களில் தக்கை நகக்கண் அளவு மேலே எழும்பி, மூடியிருந்த தகட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. கழுத்தில் பிசுபிசுப்பு. வெப்பத்தில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. ஊற்றிப் பார்த்தால் காய்ச்சிய பழப்பாகின் வாடை. இரண்டையும் கொட்டினேன், அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. பெட்டி வந்தவுடன் ஒவ்வொரு போத்தலின் வாயையும் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு இருட்டான, சமையலறைச் சுவரை ஒட்டாத இடத்தில் படுக்கவையுங்கள். மது பரிமாறாத போயா (பௌர்ணமி) நாள்களில் நான் அவற்றை மறுபடி தடவிப் பார்ப்பேன்.

குளிர்சாதனப்பெட்டியின் 4 பாகை செல்சியஸில் இருந்து நேராக மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் குளிரில் மணம் எழும்பாது. மலகூசியாவுக்கு 10 பாகை, திமோராசோவுக்கு 12 பாகை போதும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் இருக்கட்டும்; வெறும் ஐஸ் போத்தலைச் சுற்றிப் படியாது. கிளாஸில் நாலு மிடறுக்கு மேல் ஊற்ற வேண்டாம். கடற்கரை மேசையில் மீதி சுடுதண்ணீராகிவிடும்.

திமோராசோ இத்தாலியில் பியெமொந்தேயின் தொர்த்தோனா மலைச்சரிவுகளில் விளைவது. விளைச்சல் குறைவு, வளர்ப்பது கடினம் என்று உழவர்கள் கைவிட்ட வெள்ளைத் திராட்சை. 1980களில் வால்டர் மாஸ்ஸா என்பவர் விடாப்பிடியாக அதை மீட்டார். சில வருடங்கள் வைத்திருந்தால் அதில் மெல்லிய மண்ணெண்ணெய் மணம் வரும். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் படித்த எங்களுக்கு அது உடனே பிடிபடும். பழுதாகிவிட்டது என்று போத்தலைத் திருப்பி எடுக்காதீர்கள். அது இந்த இனத்தின் இயல்பு. ஊற்றுவதற்கு முன்பே விருந்தினரிடம் சொல்லிவிடுங்கள்.

கிரேக்கத்தின் மலகூசியாவும் அப்படி மீட்கப்பட்டதுதான். 1970களில் பேராசிரியர் லோகோதேதிஸ் கண்டெடுத்த கொடிகளை, அவரிடம் படித்த வாங்கெலிஸ் கெரோவாசிலியூ வளர்த்துப் பரப்பினார். பூமணம் உள்ள இந்த வைனைப் பாரை மீன் சொதியோடு கொடுங்கள். உறைப்பு நண்டுக்கறியோடு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. மதுசாரம் உறைப்பைக் கூட்டி நாக்கை எரிக்கும்.

ரோசாப்பூ மணக்கும் சிவப்புத் திராட்சையான ரூக்கே, இத்தாலியின் கஸ்தஞோலே ஊரின் பங்குத்தந்தை ஜாக்கொமோ கௌதா 1960களில் காப்பாற்றிய இனம். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் கொடுக்கலாம் என்பார்கள். எங்கள் அறை 31 பாகை. அதையும் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, போத்தலைத் துணியால் துடைத்துவிட்டுத் திறவுங்கள்.