காலை மணியும் வளரிளம் பருவத் தூக்கமும்: எங்கே தவறுகிறோம்?

பதினைந்து வயதுப் பிள்ளை இரவு 11 மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருந்தால் சோம்பேறி என்று திட்டுகிறோம். முதல் தவறு அதுதான். பருவ வயதில், தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும் நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. 9 மணிக்கே விளக்கை அணைத்தால் பிள்ளை புரண்டுகொண்டுதான் கிடக்கும்.

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 11 மணிக்குக் கண்ணயர்ந்து 5.30க்கு எழுந்தால் கிடைப்பது ஆறரை மணி நேரம். பறிபோவது விடியற்காலைத் தூக்கம். கனவுத் தூக்கம் மிகுதியாக வருவதும் அப்போதுதான்.

இந்தக் கடனை ஞாயிறு மதியம்வரை தூங்கி அடைக்க விடுவது அடுத்த தவறு. காலை வெளிச்சம் கண்ணில் படாததால் உடல் கடிகாரம் இன்னும் பின்தங்கும், அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் முதல் பீரியடில் தலை கவிழும். விடுமுறையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். போதாவிட்டால் பிற்பகல் 3 மணிக்கு முன் 20 நிமிடம் கண்ணயரலாம். மாலைக் காபி வேண்டாம்; அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

பலர் கவனிக்காத ஒன்று, வெளிச்சம் படும் நேரம். தாமதமாகத் தூங்கும் பிள்ளையை 4 மணிக்கு எழுப்பிப் பளிச்சென்ற விளக்கடியில் படிக்க வைத்தால் பலன் தலைகீழாகலாம். உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் நேரத்துக்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதன் பிறகு படுவதுதான் முன்னுக்கு இழுக்கும். அந்த நேரம், தானாக விழிப்பு வருவதற்குச் சுமார் இரண்டு மூன்று மணி நேரம் முன். எனவே விடிந்தபின் 20 முதல் 30 நிமிடம் வெளியே நடக்கச் சொல்லுங்கள். மேகமூட்டமான நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) உண்டு, அறைக்குள் சில நூறுதான்.

பள்ளிகள் செய்யும் தவறு, கணக்குத் தேர்வையும் சிறப்பு வகுப்பையும் அதிகாலையில் வைப்பது. தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்ற வாதமும் சரியல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது, மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியது.

நேரத்தை மாற்ற முடியாத பள்ளி என்றால், விடுமுறை முடியும் முன்பே எழும் நேரத்தை இரண்டு நாளுக்கு 15 நிமிடம் வீதம் முன்னே கொண்டுவாருங்கள். ஒன்றரை மணி நேரம் நகர்த்த 12 நாள் ஆகும். கடைசி இரவில் முடியாது.