எஸ்யூவிக்கு ஆல்-சீசன் டயர்: எந்த நிலைமையில் எது கைகொடுக்கும் என்று ஒப்பிடும் முறை

டயர் மாற்ற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "மழையில் எவ்வளவு வேகத்தில் போவீர்கள்?" என்பதுதான். பிராண்டு, விலை, உத்தரவாதம் எல்லாம் அதற்குப் பிறகு. டயர் கழற்றி மாட்டுவதும் அலைன்மென்ட் பார்ப்பதும் என் தொழில். ரிம்மிலிருந்து இறங்கும் பழைய டயரைத் தடவிப் பார்த்தாலே அந்த வண்டி எப்படி ஓடியது, எவ்வளவு காற்றில் ஓடியது என்று ஓரளவு தெரிந்துவிடும். இத்தனை டயர்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் என்று விற்கப்படும் ஆல்-சீசன் டயர்கள் எல்லாமே காய்ந்த ரோட்டில் நல்ல பெயர் வாங்கிவிடும். வித்தியாசம் ஈரத்தில்தான் வெளியே வரும். பாதி தேய்ந்த பிறகு ஈரத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் ஒப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

எஸ்யூவிக்கு இது இன்னும் முக்கியம். வண்டி கனம், உயரமும் அதிகம். வளைவில் எடையில் பெரும்பகுதி வெளிப்பக்க டயர்களின் ஓரத்தில் போய் உட்காரும். நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்ற தைரியமும் சேர்ந்துகொள்கிறது. அது வண்டி கிளம்பத்தான் உதவும். நிற்பதற்கு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும் ஏற்கெனவே உண்டு.

முதலில் ரகம் பிரியுங்கள்

ஆல்-சீசன் என்று விற்பவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. 1977-இல் குட்இயர் கொண்டுவந்த டியெம்போ டயரிலிருந்து வரும் பழைய வழி ஒன்று: நெடுஞ்சாலைக்கு வசதியான, சத்தம் குறைந்த, நீண்ட நாள் உழைக்கும் டயர். டயரின் பக்கச் சுவரான சைடுவாலில் பெரும்பாலும் எம்+எஸ் (சேறு, பனி என்று பொருள்) என்ற குறி மட்டும் இருக்கும். இன்னொன்று மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி உள்ளது. 2015-இல் வந்த மிஷெலின் கிராஸ்கிளைமேட் வரிசை, குட்இயர் வெக்டர் 4சீசன்ஸ், கான்டினென்டல் ஆல்சீசன்கான்டாக்ட், நோக்கியன் டபிள்யூஆர் எல்லாம் இந்தப் பக்கம். வட அமெரிக்காவில் இவற்றை ஆல்-வெதர் என்று தனியாகச் சொல்வார்கள். மூன்றாவது ஆல்-டெரைன். அதன் வேலையே வேறு, பிறகு வருகிறேன்.

இந்த இரண்டு குறிகளுக்கும் உள்ள தூரம் பெரியது. எம்+எஸ் குறியை டிரெட் (டயரில் தரையைத் தொடும், பள்ளங்கள் உள்ள பகுதி) அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். பனியில் ஓட்டிக் காட்டத் தேவையில்லை. மலைக்குறி வேண்டுமானால் இறுகிய பனியில் சோதிக்கப்பட்டு, ஒப்பீட்டுக்கென்று வைத்திருக்கும் டயரை விடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடி காட்ட வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் மலைக்குறி உள்ளது மட்டுமே பனிக்கால டயர். வெறும் எம்+எஸ் செல்லாது. ஆனால் மலைக்குறியை வைத்து அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்காதீர்கள். அந்தச் சோதனை நேர்கோட்டில், பனியில் நடப்பது. உறைந்த பனிக்கட்டியில் எப்படி, வளைவில் எப்படி என்று அது எதுவும் சொல்லாது.

ஈரம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஒப்பீட்டு முடிவுகளில் பிரேக் தூரம் மீட்டரில் இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈரத்தில் ஒரு டயர் 30 மீட்டரில் நிற்கிறது, இன்னொன்று 34 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். நாலு மீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் வண்டி முழுதாக நின்ற இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அது இன்னும் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் நிற்பது இன்னொரு காராக இருந்தால் பம்பர் போகும். நடந்து போகிறவராக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மீட்டர் வித்தியாசத்தை எப்போதும் இப்படி மீதி வேகமாக மாற்றிப் பாருங்கள். குறைந்த தூரத்தை அதிக தூரத்தால் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, தொடங்கிய வேகத்தால் பெருக்கினால் போதும்.

சோதனை முடிவு கிடைக்காத டயருக்கு லேபிள் இருக்கிறது. ஐரோப்பிய லேபிளில் 2021 மே மாதம் முதல் ஏ-யிலிருந்து இ வரை ஐந்து படிகள். எரிபொருள் ஒரு பக்கம், ஈரப்பிடி மறுபக்கம், கீழே சத்தம் டெசிபலில். ஈரப்பிடியில் சி-க்குக் கீழே இருக்கும் டயரை எஸ்யூவிக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே மாடலுக்கு ஒரு அளவில் ஏ இருக்கும், இன்னொரு அளவில் பி இருக்கும். உங்கள் அளவுக்கான லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்க முறையில் டிரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று தரம் சைடுவாலிலேயே அச்சாகியிருக்கும். இதில் டிராக்‌ஷன் என்பது சக்கரம் பூட்டிய நிலையில் ஈரத் தரையில் நேராக இழுத்து அளப்பது மட்டுமே. வளைவுப் பிடியும் தண்ணீரில் மிதப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. டிரெட்வேர் எண்ணை ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களுக்குள் ஒப்பிடலாம். வேறு வேறு கம்பெனிகளுக்குள் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் சோதனையிலிருந்து அந்த எண்ணைக் கணித்துப் போடுவது அந்தந்தக் கம்பெனிதான்.

ஈரத்தில் இரண்டு தனி ஆபத்துகள் உண்டு. பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மெல்லிய ஈரத்தில் பிடியைத் தருவது ரப்பர் கலவையும் சைப் எனப்படும் மெல்லிய வெட்டுகளும். தேங்கிய தண்ணீரில் காப்பாற்றுவது ஆழமான பள்ளங்களும் சரியான காற்றும். ஒன்றில் முதலிடம் வரும் டயர் மற்றதிலும் முதலிடம் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. சோதனை அட்டவணையில் ஈர பிரேக்கிங் ஒரு வரியிலும், தேங்கிய தண்ணீரில் டயர் மிதப்பதான அக்வாபிளேனிங் இன்னொரு வரியிலும் இருக்கும். நீங்கள் ஓட்டும் ரோட்டில் தண்ணீர் தேங்குமானால் இரண்டாவது வரியைத் தவறவிடாதீர்கள். அகலமான டயர் போட்டவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும், அகலம் கூடினால் மிதப்பதும் சுலபமாகிறது.

இப்போது நான் மிகவும் வலியுறுத்துவது. ஒப்பீடுகளில் பெரும்பாலானவை புது டயரில் நடக்கின்றன. நீங்களோ அந்த டயரின் ஆயுளில் பெரும்பகுதியைத் தேய்ந்த டயரில்தான் ஓட்டப்போகிறீர்கள். வாங்குவதற்கு முன்பே தேய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று ஓரளவு பார்க்க வழி இருக்கிறது. டிரெட் ஆழம் அளக்கும் கருவியின் ஊசியை முதலில் பெரிய பள்ளத்தில் விடுங்கள். புது எஸ்யூவி டயரில் 8 மில்லிமீட்டரை ஒட்டி வரும். பிறகு பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் ரப்பர் கட்டை ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி சைப் வெட்டை விரித்து, ஒரு மெல்லிய அட்டையை உள்ளே செருகுங்கள். அட்டை எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று நகத்தால் அடையாளம் வைத்துப் பாருங்கள். சில டயர்களில் பள்ளத்தின் ஆழம் வரைக்கும் இறங்கும். சிலவற்றில் பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். பாதியில் முட்டுகிற டயர் 4 மில்லிமீட்டருக்கு வரும்போது அந்த வெட்டுகள் காணாமல் போய், கட்டைகள் வழுவழுப்பாகிவிடும். ஷோரூம் விளக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஈரத்துக்கு 3, பனிக்கு 4 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்வது என் வழக்கம். ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதைப் பனிக்கால டயராகச் சட்டமே ஏற்பதில்லை.

வெயிலும் குளிரும்

கோடை டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். ஆல்-சீசனில் குளிரிலும் வளைந்துகொடுக்கும் கலவை. அந்த மென்மைக்கு வெயிலில் கட்டணம் கட்ட வேண்டும்: சூடான தாரில் கட்டைகள் நெளியும், ஸ்டீயரிங் பதில் கொஞ்சம் தாமதமாகும், காய்ந்த பிரேக் தூரம் கூடும், தேய்மானமும் வேகமாகும். மலைக்குறி உள்ளவற்றில் இது பொதுவாகச் சற்று அதிகம். கனமான எஸ்யூவியில், முக்கியமாக பேட்டரி சுமந்து ஓடும் மின்சார எஸ்யூவியில், ஓரக் கட்டைகள் இறகு போலச் சரிந்து தேய்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளங்கையை ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் விளிம்பு தடுக்கும்.

அதனால் என் தீர்ப்பு இது. வருடம் முழுக்க வெப்பம், பனியே கிடையாது என்றால் மலைக்குறிக்காகக் காசு கொடுக்காதீர்கள். ஈரப்பிடி நன்றாக உள்ள கோடை டயரோ நெடுஞ்சாலை ஆல்-சீசனோ போதும். குளிர்காலத்தில் சில நாள் பனி பெய்து ரோடு சுத்தமாகிவிடும் என்றால் மலைக்குறி உள்ளது அருமையான தேர்வு. மாதக்கணக்கில் பனிக்கட்டி மேல் ஓட்ட வேண்டும் என்றால் எந்த ஆல்-சீசனும் வேண்டாம், தனிப் பனிக்கால டயர் போடுங்கள்.

மண், சரளை

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆல்-சீசன் டயர் இறுகிய மண் ரோட்டில் தாராளமாகப் போகும். சேற்றில் பள்ளங்கள் அடைத்துக்கொண்டால் மொட்டை டயர் மாதிரிதான். கூர்மையான கற்கள் உள்ள பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்கு ஆல்-டெரைன் பொருத்தம்; பதிலுக்குச் சத்தமும் எரிபொருள் செலவும் கூடும், ஈரத் தாரில் பிரேக் தூரமும் பொதுவாக நீளும். முரட்டுத் தோற்றத்துக்காக மட்டும் அதை மாட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஒப்பிடும் தாளில் என்ன எழுத வேண்டும்

வண்டியில் இப்போது இருக்கும் அளவை முதலில் எழுதுங்கள். 235/65 ஆர்17 104எச் என்றால் அகலம் 235 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம், ஒரு டயர் தாங்கும் எடை 900 கிலோ, வேக வரம்பு 210 கிலோமீட்டர். 104-க்குக் குறைந்த எடை எண் உள்ள டயரை, எவ்வளவு நல்ல பெயர் எடுத்திருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அதன் கீழே உங்கள் ஓட்டத்தைப் பங்கு பிரியுங்கள்: ஈரம், வெயில், பனி, மண். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி போன்ற அமைப்புகளின் சோதனைகளில் மொத்த மதிப்பெண், ஒவ்வொரு சோதனைக்கும் அவர்கள் தரும் முக்கியத்துவப்படி வருவது. உங்கள் ஊரில் பனியே இல்லை என்றால் பனி மதிப்பெண்ணால் முதலிடம் வந்த டயரால் உங்களுக்கு லாபமில்லை. மொத்தத்தை விட்டுவிட்டு வரி வரியாகப் பாருங்கள். சோதித்த அளவையும் பாருங்கள். 205/55 ஆர்16 அளவில் சிறிய காரில் கிடைத்த முடிவை அப்படியே உயரமான எஸ்யூவிக்கு எடுத்துக்கொள்ள முடியாது. எதிலும் முதலிடம் வராமல், எதிலும் கவிழாமல் இருக்கும் டயர் பெரும்பாலோருக்குச் சரியாக அமையும். ஆனால் ஈர பிரேக்கிங்கில் பின்தங்கியதை வேறு எந்தப் புள்ளியும் ஈடுகட்ட விடாதீர்கள்.

வாங்கும்போது சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் தயாரானது. நான்கும் ஒரே மாடலாக, அடுத்தடுத்த வாரங்களில் தயாரானதாக இருக்கட்டும். முழு நேர நான்கு சக்கர இயக்க வண்டியில் சுற்றளவு வித்தியாசம் டிரான்ஸ்மிஷனுக்குக் கேடு. இரு சக்கர இயக்க வண்டியில் இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கர இயக்கமாக இருந்தாலும் சரி. ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம்.

வி வடிவ டிரெட் என்றால் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். இடம் வலம் மாற்ற முடியாது, அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான். ஸ்டெப்னியும் அதே டயராக இருந்தால் ஒரு பக்கத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். மறுபக்கம் மாட்ட நேர்ந்தால் மழையில் மெதுவாகப் போய் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

மாட்டிய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல்பூச்சு போகட்டும். காற்றை ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் அளவுக்கு, வண்டி ஓடுவதற்கு முன் பிடியுங்கள். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும், அதனால் பருவம் மாறும்போது மறுபடி பாருங்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றும்போது ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் ஆழத்தை அளந்து குறித்து வையுங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் டயரைக் குறை சொல்வதற்கு முன் அலைன்மென்டைப் பாருங்கள்.