தூரத்தின் மேல் பழி போடாதீர்கள்: ஃபைபர் லாஸ் பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

செங்கோட்டை, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு என்று ஃபைபர் (ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை) இழுக்கிறவர்களிடம் "பவர் ஏன் கம்மியா வருது?" என்று கேட்டுப் பாருங்கள். "தூரம் ஜாஸ்தி அண்ணாச்சி" என்பதுதான் பெரும்பாலும் பதில். வழியில் ஒளி குறைவதுதான் லாஸ்; கணக்குப் போட்டால் அதில் தூரத்தின் மேல் அவ்வளவு குற்றம் இருக்காது.

8 கிலோமீட்டர் லைன் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நெட் தரும் நிறுவனத்தின் பக்கத்துக் கருவியான ஓஎல்டியிலிருந்து பிளஸ் 3 டிபிஎம் கிளம்புகிறது (டிபிஎம் என்பது ஒளியின் பலம், டிபி என்பது அதில் குறையும் அளவு). வீட்டுக்கு நெட் கொண்டுவரும் 1490 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.25 டிபி இழக்கும்; 8-க்கு 2 டிபி. ஒரு இழையின் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இரண்டு கட்டமாக, தலா 10.5 என்றால் 21. ஸ்ப்ளைஸ் (இழைகளை ஒட்டிய இடம்) ஆறு, தலா 0.1. கனெக்டர் நான்கு, தலா 0.4. மொத்தம் 25.2 டிபி, வீட்டில் மைனஸ் 22.2 வர வேண்டும். இதில் கண்ணாடி தின்றது 2 டிபிதான். 1966-ல் சார்லஸ் காவ், லாஸைக் கிலோமீட்டருக்கு 20 டிபிக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி இழையில் தகவல் அனுப்பலாம் என்றபோது அதுவே எட்டாக் கனி. இன்றைய இழையில் 1550 நானோமீட்டரில் 20 டிபி கரைய ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகும்.

இந்தக் கணக்கைப் போடாமல் ஏணியைத் தூக்குவதுதான் முதல் தவறு. இப்படி ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறைதான் ஜிபான்; அதில் பி பிளஸ் வகையில் மோடம் மைனஸ் 27 வரை தாங்கும். அதனால் மைனஸ் 25 வந்தாலும் பச்சை விளக்கு எரியும், "ஓடுதுல்ல, விடு" என்று இறங்கிவிடுவார்கள். 22 வர வேண்டிய இடத்தில் 25 என்றால் வித்தியாசம் மூன்றுதானே என்று தோன்றும். 3 டிபி என்றால் வந்திருக்க வேண்டிய ஒளியில் பாதியைக் காணோம் என்று அர்த்தம். சாரல் காலத்தில் அந்த வீடுதான் முதலில் சிவப்பு விளக்கு காட்டும்.

மீட்டரை நம்புவதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே இழையில் 1490-ல் நெட்டும் 1550-ல் டிவியும் வரும் லைன்களில் சாதாரண பவர் மீட்டரை மாட்டினால் அது இரண்டு ஒளியையும் கூட்டித்தான் காட்டும். டிவி மைனஸ் 8, நெட் மைனஸ் 28 என்று இருந்தாலும் திரையில் மைனஸ் 8 தெரியும். வாடிக்கையாளரோ நெட் இல்லை என்று சத்தியம் பண்ணுவார். ஒளியைப் பிரித்துக் காட்டும் பான் பவர் மீட்டர் விலை கூடுதல்தான், ஆனால் இப்படிப்பட்ட லைனுக்கு வேறு வழியில்லை. மீட்டரின் அலைநீளம் 850-ல் கிடந்தால் வரும் எண்ணும் குப்பைதான்.

லைட் சோர்ஸ் (சோதனைக்கு ஒளி விடும் கருவி) வைத்து லாஸ் எடுக்கும்போது, ரெஃபரன்ஸ் (ஒப்பிட முதலில் எடுக்கும் அளவு) வைத்த பிறகு சோர்ஸ் பக்கத்துப் பேட்ச் கார்டை, அதாவது இணைப்புக்கான குட்டை இழையை, கழற்றவே கூடாது. திரும்ப மாட்டும்போது உள்ளே போகும் ஒளி மாறிவிடும், எடுத்த ரெஃபரன்ஸ் செல்லாது. லாஸ் மைனஸில் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் பக்கம் அதிகம் வரும் புகார் "காத்து அடிச்சா நெட் போகுது". ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், கூடவே சாரல். கம்பத்தில் கட்டுக்கம்பியால் இறுக்கிய டிராப் கேபிள் (வீட்டுக்குப் போகும் கேபிள்) ஆடி ஆடி அந்த இடத்திலேயே மடங்கும். பழைய ஜி.652 ரக இழைக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் சுற்று வேண்டும். வளைவைத் தாங்கும் ஜி.657ஏ2 ரகம் 7.5 வரை பொறுக்கும், ஆனால் பெட்டிக்குள் கிடப்பது எது என்று பார்க்காமலே சுற்றிவிடுகிறார்கள். வளைவு லாஸ் 1310-ல் குறைவாகவும் 1550-ல் கூடுதலாகவும் தெரியும். இரண்டிலும் அளந்து, 1550-ல் வழக்கத்துக்கு மாறாக எகிறினால் எங்கோ நெரிகிறது. 1310-ல் மட்டும் பார்த்துவிட்டு "லைன் கிளியர்" என்று சொல்வது பாதி வேலை. டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்து, நெட் மட்டும் ஓடுகிற வீட்டிலும் முதலில் மடிப்பைத் தேடலாம். டிவிக்குக் கூடுதல் பவர் வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஸ்ப்ளைஸ்களை வைத்து மூடும் ஜாயின்ட் பாக்ஸ் இதில் பெரிய கள்ளன். மூடியைத் திறந்ததும் பவர் ஏறும், எல்லாம் சரி என்று மூடிவிட்டு வருவார்கள். மறுநாள் அதே புகார். தட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் இழைச் சுற்றை மூடி அழுத்துவதுதான் காரணம். திறந்தால் அழுத்தம் போய்விடும், குற்றவாளி தப்பிவிடுவான். பெட்டியை மூடி, ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கிளாம்ப் மாட்டிய பிறகு எடுக்கும் ரீடிங்தான் ரீடிங்.

கனெக்டர் விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. இந்த லைன்களில் ஓடும் சிங்கிள் மோடு இழையில் ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். சட்டை நுனியால் துடைப்பதும் வாயால் ஊதுவதும் அங்கே அழுக்கைச் சேர்க்கும் வேலை. ஒன் கிளிக் கிளீனர் பையில் இருக்கட்டும். பச்சைக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வு, நீலத்துக்குச் சாய்வில்லை. இரண்டையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து பல டிபி போகும், முகமும் கெடும்.

இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து லாஸையும் தூரத்தையும் காட்டும் ஓடிடிஆர் கருவியில் சில ஸ்ப்ளைஸ் லாஸுக்குப் பதில் லாபம் காட்டும். சந்தோஷப்பட வேண்டாம். இரண்டு பக்கத்து இழையின் குணம் சற்று வேறாக இருந்தால் அப்படித் தெரியும். செங்கோட்டையிலிருந்து பார்த்தால் 0.15 லாபம், ஆரியங்காவிலிருந்து பார்த்தால் 0.25 லாஸ் என்றால், உண்மையான லாஸ் சராசரியான 0.05. ஒரு பக்கம் மட்டும் எடுத்துவிட்டு நல்ல ஸ்ப்ளைஸை வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓடிடிஆர் காட்டும் தூரம் இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. கம்பத்துக்குக் கம்பம் சுருட்டித் தொங்கவிட்ட கேபிளும் அதில் அடக்கம். 4,200 மீட்டரில் கட் என்றதும் பைக் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனால் புளியரை வளைவுகளில் ஏறி, கட்டான இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். கேபிள் உறை மேல் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருக்கும். இழுக்கும்போதே ஒவ்வொரு ஜாயின்ட் பாக்ஸிலும் அந்த எண்ணைக் குறித்து வைத்தால், மழையில் தேடும் இடம் இரண்டு கம்பத்துக்குள் அடங்கும்.