கன்றோடு பசு: எஸ்டீம் எஞ்சினைப் பின்னால் வைத்து ஒரு டிராக் கார் கட்டுவது

பொள்ளாச்சிச் சந்தையில் கறவை மாடு பிடிக்கப் போகிறவர்கள் கன்றையும் சேர்த்துத்தான் ஓட்டி வருவார்கள். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பல மாடுகள் பால் விடாது. எஞ்சின் மாற்ற நினைக்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். கியர்பாக்ஸ், டிரைவ்‌ஷாஃப்ட், ஒயரிங், கம்ப்யூட்டர், சாவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். முடிந்தால் அந்த வண்டியையே முழுசாக வாங்குங்கள்.

என் பட்டறை கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் என்றாலும் தெருவில் கேட்பது தமிழ்தான். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் எங்களுக்கு எட்டும் தூரம்தான். அந்தப் பெயருக்குரிய கரிவர்தன் 1980-களில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் கட்டியவர். 796 சிசி, மூன்று சிலிண்டர். அவ்வளவு சின்ன எஞ்சினை வைத்து ஒரு தலைமுறையையே ஓட்டக் கற்றுக்கொள்ள வைத்தார். வண்டி இலேசாக இருந்தால் எஞ்சின் பெரிதாக இருக்கத் தேவையில்லை என்பதை நான் அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

என் காரும் முதலில் 800 எஞ்சினோடுதான் ஓடியது. இரண்டு பேர் உட்காரும் குழாய்ச் சட்டம், முதுகுக்குப் பின்னால் எஞ்சின். அப்புறம் அதை மாருதி எஸ்டீமின் 1,298 சிசி, 16 வால்வு எஞ்சினுக்கு மாற்றினேன். 85 குதிரைத்திறன். எஸ்டீம் சுமார் 870 கிலோ. என் கார் அரிசி ஆலையின் எடை மேடையில் 610 கிலோ காட்டியது. அதாவது டன்னுக்கு 98 குதிரைத்திறன் என்று இருந்தது 139 ஆகிவிடுகிறது. எஞ்சினுக்குள் கை வைக்காமலே கிடைத்தது இது.

தொடங்கும் முன் சட்ட விதியைப் பேசிவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி தந்த வடிவத்தை மாற்றிவிட்டு வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னதும் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான். அதனால் இந்தக் கார் டிராக்கில் மட்டும் ஓடும் கார். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கழித்துக்கட்டிய வண்டியை வாங்கும்போது ஆர்சி ரத்தான காகிதமும், எஞ்சின் நம்பர் எழுதிய ரசீதும் கையில் இருக்கட்டும். எல்லையில் நிறுத்திக் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

எஞ்சினை மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பது எனக்கு நடந்தே தெரியும். முதலில் வாங்கிய எஸ்டீம் எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. ஒயரிங் கட்டைக் கடைக்காரர் கத்தியால் அறுத்து எடுத்திருந்தார். கம்ப்யூட்டர் வேறு ஏதோ வண்டியுடையது. அறுந்த ஒயர்களை நிறம் பார்த்து ஒட்டியே ஐந்து மாதம் போனது. அப்படியும் சூடானால் நின்றுவிடும். கடைசியில் மோதி நொறுங்கிய ஒரு முழு எஸ்டீமை வாங்கினேன். பின்பக்கம் போயிருந்தது, முன்பக்கம் சேதமில்லை. நமக்குத் தேவை அப்படிப்பட்ட வண்டிதான்.

முழு வண்டி வந்ததும் ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் அளவு எடுங்கள். இந்த வேலையில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது.

சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, டியூப் லெவல் வைத்து நாலு மூலையும் மட்டமாக்குங்கள். கொத்தனாரின் தூக்குக் குண்டை ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். சக்கர மையம், லோயர் ஆர்ம் உட்காரும் போல்ட்டுகள், ஸ்ட்ரட்டின் மேல்முனை, எஞ்சின் மவுண்ட்டிங்குகள், கியர்பாக்ஸிலிருந்து டிரைவ்‌ஷாஃப்ட் வெளியே வரும் கப், ஸ்டியரிங் ரேக்கின் இரு முனையிலும் உள்ள பந்து மூட்டு. ஒவ்வொன்றுக்கும் தரையிலிருந்து உயரத்தை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். வண்டியைத் தள்ளியபின் தரையில் புள்ளிக் கோலம் போலக் கிடக்கும். அந்தக் கோலத்தின் மேல்தான் நான் பின்சட்டத்தைக் கட்டினேன். என் வீட்டுக்காரி குண்டைப் பிடிக்க, நான் குறித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. கூட்டி விடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். அழியும் முன் காகிதத்தில் ஏற்றி, போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திருப்பாமல், அதே முகத்தோடு, இருக்கைக்குப் பின்னால் நகர்த்துங்கள். அப்போது எஞ்சின் முதுகுக்குப் பின்னாலும், ஆக்ஸில் அதற்குப் பின்னாலும் வரும். எடை நடுவில் நிற்கும். இடம் போதவில்லை என்று திருப்பி வைத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். ஐந்து ரிவர்ஸ், ஒரு முன் கியர் என்று ஆகிவிடும்.

காரின் சட்டத்துக்கு நான் போட்டது 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் கனம். கீழ்த்தண்டுகளுக்கு 40-க்கு 40, 2 மில்லிமீட்டர் கனம். தலைக்குப் பின்னால் நிற்கும் ரோல் வளைவில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், தையல் இல்லாத குழாய். கடையில் சும்மா குழாய் என்று கேட்டால் நீளவாக்கில் வெல்டிங் ஓடிய குழாயைத்தான் தருவார்கள். உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். மேடு தட்டுப்பட்டால் அது வேண்டாம்.

எல்லாவற்றையும் முதலில் டேக் மட்டும் அடியுங்கள், அதாவது அங்கங்கே ஒரு புள்ளி வெல்டிங். எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, சஸ்பென்ஷனை மாட்டி, டிரைவ்‌ஷாஃப்ட்டையும் போட்டுப் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். எங்கள் ஊர் லேத்காரர் புஷ்களைக் கடைந்து தரும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேட்டு வாங்கினேன். வெல்டிங் சூட்டில் ஒன்று கோணினால் இன்னொன்று கையில் இருக்கும்.

டிரைவ்‌ஷாஃப்ட்டை நிதானமாகப் பாருங்கள், அவசரமே வேண்டாம். அதன் உள்மூட்டு கப்புக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். கார் நேராக நிற்கும்போது அது வழுக்கும் தூரத்தின் நடுவில் இருக்க வேண்டும். நான் செய்த விதம் இது: ஸ்பிரிங்கைக் கழற்றினேன். ரப்பர் பூட்டை விலக்கி, பழைய கிரீஸைத் துடைத்து, கப்பின் உட்சுவரில் மெல்லிசாக நீல நிறக் குழம்பைத் தடவினேன். சக்கரத்தை ஜாக்கியால் இனி ஏறாது என்னும் வரை தூக்கி, பிறகு தொங்கும் வரை இறக்கி, நாலு முறை செய்தேன். கழற்றிப் பார்த்தால் உள்மூட்டின் உருளை ஓடிய தடம் பளிச்சென்று தெரிந்தது. இடது பக்கத் தடம் நடுவைவிடக் கப்பின் உட்பக்கம் தள்ளி இருந்தது. வலது பக்கத் தடம் கப்பின் விளிம்புக்கு 4 மில்லிமீட்டர் வரை வந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒரு மேட்டில் குதிக்கும்போது மூட்டு கழன்று வெளியே வந்திருக்கும். எஞ்சினை 9 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி மவுண்ட்டிங்கை மறுபடி டேக் அடித்தேன். அதனால்தான் முதலில் முழு வெல்டிங் வேண்டாம் என்றேன்.

எஸ்டீமின் முன்சக்கரங்களை மாட்டியிருந்த ஹப்புகள் பின்னால் போவதால், ஸ்டியரிங் கை இன்னும் அவற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். ரேக்கைப் பின்னால் வைத்துப் பூட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூட்டு தளர்ந்தால் பின்சக்கரம் தானாகத் திரும்பும். ரேக்கின் பந்து மூட்டு எங்கே இருந்ததோ, அதே உயரத்தில் அதே இடத்தில் சட்டத்தில் ஒரு பட்டையை வெல்ட் செய்து, ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் உள்முனையை அதில் பிடியுங்கள். தரைக்கோலத்தில் குறித்த அளவு இங்கே கைகொடுக்கும். 10 மில்லிமீட்டர் மேலே கீழே போனால்கூட, சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டியின் பின்புறம் தானாகவே திரும்பப் பார்க்கும்.

கியர் ராடு கொஞ்சம் தலையைச் சுற்ற வைக்கும். கியர்பாக்ஸிலிருந்து அது பின்னோக்கி வெளிவருகிறது, லீவரோ முன்னால் இருக்கிறது. கேபிள் கியர் உள்ள வண்டியின் லீவரை வாங்கி, தள்ளுவதற்கு ஒரு கேபிள், திருப்புவதற்கு ஒரு கேபிள் என்று கொண்டுபோனேன். எஸ்டீமைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு கியருக்கும் ராடு எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று குறித்து வையுங்கள். கேபிளை எதிர்ப்பக்கம் கட்டினால் முதல் கியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது வந்து நிற்கும்.

ஒயரிங்கில் ஒன்றையும் அறுக்க வேண்டாம். ஒவ்வொரு பிளக்கிலும் வெள்ளைத் துணி டேப் ஒட்டிப் பெயர் எழுதி, முழுக் கட்டையும் அப்படியே உருவுங்கள். நீளமானதைச் சுருட்டி வைக்கலாம். கம்ப்யூட்டர் இருக்கைப் பக்கம், நனையாத இடத்தில். இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு உள்ள வண்டியானால் சாவி, அதைப் படிக்கும் வளையம், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே வண்டியுடையதாக இருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து சட்டத்துக்குத் தடிமனான எர்த் ஒயர் இரண்டு போடுங்கள்.

பெட்ரோல் குழாய் கார்புரேட்டர் வண்டியுடையது வேண்டவே வேண்டாம். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தில் அது வெடிக்கும். டாங்கிக்குத் திரும்பும் குழாயும் தேவை. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவில் இரும்புத் தகடு, ஒரு ஓட்டைகூட இல்லாமல்.

ரேடியேட்டரை முன்னாலேயே வைத்தேன். பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி தொடும்; பின்னால் வைத்தால் காற்று கிடைக்காது. தண்ணீர் போக ஒன்று, வர ஒன்று என்று நடுவில் நீளமாக இரண்டு குழாய்கள். இவ்வளவு நீளத்தில் காற்று அடைத்துக்கொண்டால் ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்க, எஞ்சின் மட்டும் கொதிக்கும். தண்ணீர் ஊற்றும்போது முன்பக்கத்தை ஜாக்கியில் அரை மீட்டர் தூக்கி, ரேடியேட்டரின் மேல்மூலையில் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திறந்து விடுங்கள். குமிழ் நின்று நீர்க்கோடு வந்ததும் மூடுங்கள். பிறகு தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டி, இன்னொரு முறை.

இனி பிரேக். 800-ன் சின்ன டிஸ்க் முன்னால், எஸ்டீமின் பெரிய டிஸ்க் பின்னால் என்று வைத்தால், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாகச் சுற்றும். முன்னாலும் எஸ்டீம் டிஸ்க்கே போடுங்கள். பின்பக்கக் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று, திருகிச் சரிசெய்யும் வகை. எடை மேடையில் முன்சக்கரத்தை மட்டும், பின்சக்கரத்தை மட்டும் என்று நிறுத்திப் பார்த்ததில் எனக்கு 240, 370 கிலோ வந்தது. எஸ்டீமின் முன் காலிப்பரில் கைப்பிரேக் கிடையாது, அதனால் மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு அரிசி ஆலையின் காலிக் களத்தைக் கேட்டு வாங்கினேன். நெல் இல்லாத நாள், சிமெண்டுத் தளம், சுற்றிலும் யாரும் இல்லை. முதல் கியரில் பத்துச் சுற்று, பிறகு 20, 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக். ஒருவர் பக்கவாட்டில் நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முன்சக்கரம் பூட்டும் வரை வால்வைத் திருகிக்கொண்டே போங்கள். எனக்கு இரண்டரைச் சுற்று திருக வேண்டியிருந்தது.

செட்டிபாளையத்தில் முதல் நாள் ஐந்து சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள். பிட்டுக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் எல்லா மவுண்ட்டிங் போல்ட்டும், ஹப் நட்டும், டை ராடு நட்டும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். இறுக்கிய ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தால், நகர்ந்தது எது என்று குனிந்த உடனே தெரியும். என் காரில் அன்று நகர்ந்திருந்தது ஒன்றே ஒன்று: கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்ட்டிங்கின் கீழ் போல்ட். ஸ்பிரிங் வாஷரை எடுத்துவிட்டு நைலான் நட் போட்டேன். மதியம் இன்னும் பத்துச் சுற்று ஓடியது. கோடு நேராகவே இருந்தது.