ஜாவா 8-லேயே நின்றுவிட்டவர் அடுத்து எதைப் படிப்பது, எந்தத் தேர்வை எழுதுவது?

ஐந்தாறு வருடம் ஜாவா மொழியின் 8-ஆம் பதிப்பில் வேலை பார்த்தவர்கள், பின்தங்கிவிட்டோம் என்று தோன்றிய மறுநாளே ரஸ்ட், கோ என்று வேறு மொழிகளைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். முதலில் ஒரு எக்செல் தாளைத் திறங்கள். போக நினைக்கும் வேலையை நௌக்ரி, லிங்க்ட்இன் தளங்களில் தேடி, உங்கள் அனுபவத்துக்குப் பொருந்தும் 30 விளம்பரங்களை எடுங்கள். கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பதை மட்டும் எண்ணுங்கள். தெரிந்தால் நல்லது என்பதெல்லாம் வெறும் ஆசைப் பட்டியல். ஒரே வேலையை நாலு கன்சல்டன்சிகள் போட்டிருந்தால் அது ஒன்றுதான். பத்து விளம்பரத்தில்கூட வராத மொழியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலை என்றால் பெரும்பாலும் ஜாவாவே மேலே நிற்கும், ஆனால் 17 அல்லது 21. ஜாவா 8 வந்தது 2014-ல், 21 வந்தது 2023-ல். இந்த இடைவெளியை வீடியோ பார்த்து நிரப்ப முடியாது. சொந்தமாக எழுதிய பழைய ப்ராஜெக்ட் ஒன்றைப் புதிய பதிப்புக்கு ஏற்றிப் பாருங்கள். (ஆபீஸ் கோடை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.) முதலில் ஸ்பிரிங் பூட்டை (ஜாவா பேக்எண்ட் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) 2.7-க்கு, பிறகு ஜேடிகேயை (ஜாவா நிரல்களை உருவாக்கி ஓட்டும் கருவித்தொகுப்பு) 17-க்கு, கடைசியாக பூட்டை 3-க்கு. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எந்தப் பிழை எதனால் வந்தது என்றே தெரியாது.

17-க்குப் போனதும் ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல்லைக் கையாளும் பகுதி) கிளாஸ்கள் இல்லை என்று பில்ட் நிற்கலாம். ஜாவா 11-ல் அவற்றை ஜேடிகேயிலிருந்து எடுத்துவிட்டார்கள். தனி டிபெண்டன்சியாக (வெளி லைப்ரரியாக) சேர்க்க வேண்டும். பழைய லைப்ரரி ஜேடிகேயின் உள்ளே ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்பகுதியைத் தொடும் வசதி) வழியாகக் கைவைத்தால் ஓடும்போது எக்ஸெப்ஷன் வரும். அந்த உள்பகுதியைத் திறந்துவிடும் ஆட்-ஓபன்ஸ் ஆப்ஷன் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் லைப்ரரியைப் புதுப்பிப்பதே மருந்து. பூட் 3-ல் சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ் பேக்கேஜ்கள் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தா என்று பெயர் மாறும். எல்லா ஜாவாஎக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல்லும் உடையும். அது ஜேடிகேயைச் சேர்ந்தது, மாறவில்லை. 21-ல் விர்ச்சுவல் த்ரெட் (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்) போடும்போது, சிங்க்ரனைஸ்ட் பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும் பகுதி) காத்திருக்கும் த்ரெட் தன்னைச் சுமக்கும் நிஜ த்ரெட்டான கேரியரையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இது சரியானது 24-ல்தான்.

இரண்டாவது மொழி ஒன்று போதும். டேட்டா பக்கம் போனால் பைதான், ஃப்ரண்ட்எண்ட் என்றால் டைப்ஸ்கிரிப்ட், குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) கருவிகள் என்றால் கோ.

சான்றிதழுக்கு ஜாவா போன்ற மொழிக்கான தேர்வைவிட கிளவுட் தேர்வையே சொல்வோம். ஜாவா தெரியும் என்பதை உங்கள் அனுபவமே காட்டிவிடும். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் 65 கேள்விகள், 130 நிமிடம். 1000-க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 150 டாலர், வரி தனி. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குக் கூடுதலாக 30 நிமிடம் தருகிறார்கள். ஆனால் தேதி பதிவுசெய்வதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். செய்து காட்டும் தேர்வு வேண்டுமென்றால் சிகேஏடி (குபர்னெட்டிஸ் டெவலப்பர் சான்றிதழ்): இரண்டு மணி நேரம், கமாண்ட் லைனில் வேலை, 66 சதவீதம் தேவை. குபர்னெட்டிஸ் ஆவணங்களைத் திறந்துவைத்தே எழுதலாம், ஆனால் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

பயிற்சிக்கு ஏடபிள்யூஎஸ் கணக்கு திறந்த அன்றே பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள். நேட் கேட்வேயை (உள் நெட்வொர்க்கை இணையத்தோடு இணைக்கும் சேவை) அழிக்க மறந்தால், சும்மா கிடந்தாலும் மணிக்கு இவ்வளவு என்று பில் ஏறும்.

தேர்வுப் பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம்மூர் இனிஷியல் காலை வாருவது இங்கேதான்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், தேர்வுக் கணக்கில் ஓர் எழுத்துதான் இருக்கும். தேதி குறிக்கும் முன்பே திருத்திவிடுங்கள். வீட்டிலிருந்து எழுதினால் ஆபீஸ் லேப்டாப் வேண்டாம். அதன் விபிஎன்னும் ஃபயர்வாலும் தேர்வு மென்பொருளைத் தடுக்கலாம். ஏடபிள்யூஎஸ் தேர்வில் தோற்றால் 14 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும், முழுக் கட்டணத்தோடு.