கறுப்பு உடை என்றால் துக்கமா? பழைய டச்சு உருவப்படங்களில் நாம் தவறவிடும் விஷயங்கள்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் மரியா டிரிப் என்ற பெண்ணின் ஓவியம் இருக்கிறது. 1639-இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்தது. அப்போது மரியாவுக்கு 20 வயது. அப்பா எலியாஸ் டிரிப், இரும்பும் ஆயுதமும் விற்று நகரத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானவர். கறுப்பு உடை, தோள் முழுக்கப் படர்ந்த லேஸ் கழுத்துப்பட்டை, முத்துமாலை. இப்படி ஒரு படத்தைப் பார்த்ததும் மனசு உடனே ஒரு கதை கட்டிவிடுகிறது. பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறோம்.

கறுப்பைப் பார்த்ததும் துக்கம் என்று முடிவு கட்டுவதுதான் முதல் சறுக்கல். எலியாஸ் 1636-லேயே இறந்துவிட்டார் என்று படித்தவர்களுக்கு இந்த ஊகம் இன்னும் வசதி. ஆனால் உடையில் பொன்சரிகை மின்னுகிறது, கழுத்தில் முத்து இருக்கிறது. துக்க உடை என்றால் பளபளப்பே இல்லாமல் இருந்திருக்கும். நம் ஊரில் நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது. 17-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்திலோ வசதியானவர்கள் விரும்பி உடுத்திய நிறம் அது. காரணம் சாயத்தில் இருக்கிறது. மாசிக்காயையும் இரும்பு உப்பையும் மட்டும் போட்டால் மலிவாகக் கறுப்பு வரும். ஆனால் நாளாக நாளாகப் பழுப்பேறும், துணியையும் அரித்துவிடும். அடர்ந்த, நிலைக்கிற கறுப்பு வேண்டுமென்றால் முதலில் நீலம் ஏற்றி, அதன்மேல் வேறு சாயங்களையும் ஏற்ற வேண்டும். உழைப்பும் செலவும் அதிகம். ஆகவே அது அடக்கத்தின் நிறமாகவும் இருந்தது, பணத்தின் நிறமாகவும் இருந்தது.

அந்தக் கறுப்பையே வெறும் கறுப்பாகக் கடந்துபோவது இன்னொரு தவறு. ரெம்பிராண்ட் காலத்து இன்னொரு டச்சு ஓவியரான ஃபிரான்ஸ் ஹால்ஸ் கையில் 27 கறுப்புகள் இருக்கின்றன என்று 1885-இல் ஓவியர் வான் கோ தன் தம்பிக்கு எழுதினார். போனில் பார்க்கும் படத்தில் இதெல்லாம் ஒரே இருட்டாகக் கலந்துவிடும். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிய அளவுப் படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டிவைத்துப் பாருங்கள். மடிப்பு, நிழல், பட்டின் மினுமினுப்பு எல்லாம் தனித்தனியாக எழுந்து வரும்.

அப்புறம் லேஸ். "ரெம்பிராண்ட் நூல் நூலாக வரைந்திருக்கிறார்" என்று எல்லோரும் சொல்வார்கள். மரியாவின் கழுத்துப்பட்டையை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், நூலே இருக்காது. முதலில் வெள்ளையைப் பரப்பிவிட்டு, லேஸின் ஓட்டைகளைக் கரும் வண்ணத்தால் மேலே புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார். கிட்டத்தில் பார்த்தால் அவசரமாகத் தீற்றியது போல இருக்கும். நாலு அடி தள்ளி நின்றால் விரலில் எடுத்துவிடலாம் போன்ற லேஸ். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

முத்து விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. டச்சுக்காரர், முத்து என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தால் தூத்துக்குடிதான் நினைவுக்கு வரும். ஆனால் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது 1658-இல். மரியாவின் படம் அதற்கு 19 வருடம் முந்தையது. பாரசீக வளைகுடாவிலிருந்தும் அமெரிக்கக் கரைகளிலிருந்தும் ஐரோப்பாவுக்கு முத்து போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் செய்த போலி முத்தும் புழக்கத்தில் இருந்தது. வண்ணத்தைப் பார்த்து எந்தக் கடல் முத்து என்று சொல்ல முடியாது.

இதே இடத்தில் பலரும் டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' படத்தை இழுத்து வந்து, அவள் யார் மகள் என்று தேடுவார்கள். சுமார் 1665-இல் வரைந்த அந்தப் படம் உருவப்படமே அல்ல. அதை 'ட்ரோனி' என்பார்கள்: குறிப்பிட்ட ஒருவரைக் காட்டாமல் ஒரு முகத்தையும் உடையையும் காட்டுகிற வகை. அதன் பின்னணி கறுப்பு என்று நினைப்பதும் சரியல்ல. அவுரி நீலமும் ஒரு செடியின் மஞ்சளும் கலந்து வெர்மீர் பச்சைத் திரை ஒன்றைத் தீட்டியிருந்தார். காலப்போக்கில் அது மங்கி இருண்டுவிட்டது.

தனியாகத் தொங்கும் படத்தைத் தனிப் படம் என்று நம்பிவிடாதீர்கள். தம்பதியை இரண்டு படங்களாக வரைந்து, நம் பார்வைக்கு இடப்பக்கம் கணவனையும் வலப்பக்கம் மனைவியையும் மாட்டுவது வழக்கம். பின்னாளில் விற்கும்போது ஜோடி பிரிந்துவிடும். 1641-இல் ரெம்பிராண்ட் வரைந்த ஆகத்தா பாஸ் இன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறார். அவருடைய கணவர், கம்பளி வணிகர் நிக்கோலாஸ் வான் பாம்பேக், பிரஸ்ஸல்ஸில் இருக்கிறார். ஒரு பெண் இடப்பக்கம் திரும்பியிருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு கணவர் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். பாவாடை உடுத்திய சின்னக் குழந்தையை மகள் என்று எழுதிவிடவும் கூடாது. ஏறக்குறைய ஆறேழு வயதுவரை ஆண் குழந்தைகளுக்கும் அதே பாவாடைதான்.

கடைசியாக, பெயர். படச்சட்டத்தில் இருக்கும் பெயர்ப்பலகையை அப்படியே நம்பக்கூடாது. மரியா டிரிப்பின் பெயரே நெடுங்காலம் மறந்துபோய், 20-ஆம் நூற்றாண்டில்தான் பழைய ஆவணங்களைத் துருவிக் கண்டுபிடித்தார்கள். அதே ரைக்ஸ்மியூசியத்தில், ஹார்லெம் ஓவியர் வெர்ஸ்ப்ராங்க் 1641-இல் வரைந்த நீல உடைச் சிறுமி இருக்கிறாள். கையில் வெள்ளைத் தீக்கோழி இறகு விசிறி, நீலப் பட்டில் பொன்சரிகை, நம்மையே நேராகப் பார்க்கும் கண்கள். வசதியான வீட்டுப் பிள்ளை என்று உடை சொல்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று இன்றுவரை தெரியவில்லை.